எட்டடி ஒரு அங்குலம்

எட்டடி நானாவின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். நான் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வதல்ல, அவரே சொன்னது. கேட்காமலே சொல்வார். மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வாப்பா வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு இருந்தது, அதைப் பள்ளிவாசல் பக்கம் மட்டுந்தான் கேட்கலாம். கடைத்தெருவிலும் பஸ் நிற்கிற இடத்திலும் அவர் எட்டடி நானாதான். அப்படிக் கூப்பிட்டால் கோபிக்க மாட்டார். நின்று, திரும்பி, ஒரு திருத்தம் மட்டும் சொல்வார்.

"எட்டடி ஒரு அங்குலம்."

அவர் மரக்காலையில் வேலை பார்த்தார். மரம் வாங்கி, அறுத்து, பலகையாக விற்கிற இடம். வருகிற மரங்களை அளந்து சொல்வதுதான் அவர் உத்தியோகம். சட்டைப் பையில் ஒரு இரும்பு டேப் எப்போதும் இருக்கும். கல்யாணத்துக்கும் அதோடுதான் போவார், மையத்து வீட்டுக்கும் அதோடுதான் போவார். 'சுமார்', 'கிட்டத்தட்ட' என்ற சொற்களெல்லாம் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வயது கேட்டபோது, வேறொருவராக இருந்தால் இருபத்துமூன்று என்று சொல்லி நிறுத்தியிருப்பார். இருபத்துமூன்று வருஷமும் எட்டு மாதமும் என்றாராம். திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இந்தப் பக்கம் கேட்டதாம். ஆனாலும் அந்த மாப்பிள்ளைதான் கட்டினார். அவருக்கு மாத்தளை டவுனில் மிளகு, சாதிக்காய் வியாபாரம். அளவில் பிசகாத ஒரு மாமனார் கிடைத்தால் எந்த வியாபாரிக்குத்தான் கசக்கும்?

மரக்காலையில் நானா ஒரு மரத்தைப் பார்த்து அளவு சொன்னால் வாங்குகிறவனும் சரி, விற்கிறவனும் சரி, இன்னொரு தரம் அளந்து பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் சொன்ன ஒரே ஒரு அளவை மட்டும் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அதுதான் அந்தச் சக்கரம்.

வாலிபத்தில் நானா சரக்குக் கப்பல் ஒன்றில் தச்சு வேலை செய்திருக்கிறார். கப்பல் பழுதாகி இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் மூன்று வாரம் நின்றபோது, கூட வேலை செய்த ஒருவன் இவரை ரயிலில் ஏற்றி, பழைய இன்ஜின்களை வைத்திருக்கிற ஒரு பெரிய கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனானாம். அங்கே பச்சை நிறத்தில் ஒரு நீராவி இன்ஜின். முன்னாலும் பின்னாலும் சின்னச் சக்கரங்கள். நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு பெரிய சக்கரம். அந்த இரண்டுந்தான் இன்ஜினை இழுக்கிற சக்கரம். நானா பக்கத்தில் போய் நின்றால் அச்சாணி நெஞ்சுக்கு நேராக வந்ததாம்.

"நான் டேப்ப எடுத்தேன். கீழ் நுனியத் தண்டவாளத்துல வெச்சேன். மேல எட்ட ஏலாது. அங்க காவலுக்கு நின்ட வெள்ளைக்காரன் ஏசத்தான் வந்தான். என்ட மூஞ்சியப் பாத்திட்டு சிரிச்சான். ஒரு ஸ்டூல் கொணந்து போட்டு ஏறி, மேல் நுனிய அவனே புடிச்சான். அளக்கிறதுன்டா ரெண்டு பேர் வேணுமே. எட்டடி ஒரு அங்குலம். சாட்சி இரிக்கி. ஆனா சாட்சி இங்கிலாந்துல இரிக்கி."

இந்தக் கடைசி வரியில் தேநீர்க் கடை கொல்லென்று சிரிக்கும். அவருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே விளங்காது. சக்கரம் ஏன் அவ்வளவு பெரிது என்றும் பொறுமையாகச் சொல்வார். அந்தக் காலத்தில் சக்கரத்தைத் தள்ளுகிற தண்டை ரொம்ப வேகமாக ஆட்ட முடியாதாம், ஆட்டினால் உடைந்துபோகுமாம். அதனால் தண்டை மெதுவாக ஆட்டி, சக்கரத்தைப் பெரிதாக்கி வேகம் எடுத்தார்களாம். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து அடி நாலே முக்கால் அங்குலம் ஓடும் என்பார். கணக்குப் போட்டுப் பார்த்த வாத்தியார் ஒருவர் சரி என்றார். கணக்கு சரி, சக்கரந்தான் எங்கே என்றும் கேட்டார்.

ஊர் நம்பாததற்கு ஒரு காரணம் இருந்தது. நானாவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே அல்ல, எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம், வேலியோடு ஒட்டிய வீட்டில் ஒரு ரயில் டிரைவர் இருந்தார். நாங்கள் டிரைவரண்ணன் என்போம். நிலக்கரி அள்ளிப் போடுகிற வேலையில் சேர்ந்து, நீராவி இன்ஜினும் ஓட்டி, டீசல் இன்ஜினும் ஓட்டியவர். மலை ரயில் பாதையில் முப்பது வருஷம். இன்ஜின் விஷயத்தில் ஊருக்கு அவர் சொன்னதுதான் முடிவு. அவருடைய இன்ஜின்களின் சக்கரம் இடுப்புக்கு வரும், மிஞ்சினால் நெஞ்சுக்கு வரும்.

"சரி நானா, எட்டடிச் சக்கரம் கடுகண்ணாவை மலை ஏத்தத்துல ஏறுமா?" என்று ஒரு நாள் கடையில் வைத்துக் கேட்டார்.

"ஏறாது. சறுக்கும். அது சமதரையில ஓடினது."

"ஏத்தத்துல ஏறாதது என்ன இன்ஜின்?"

கடை முழுவதும் டிரைவரண்ணன் பக்கம். உக்குவளைக்காரர்களுக்கு ரயில் என்றால் மலை ஏறுகிற ஒன்று. ஏறாது என்று நானா தன் வாயாலேயே ஒத்துக்கொண்ட பிறகு அப்படி ஒன்று இருக்க முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்த ஒரு அங்குலத்தையாவது விட்டுவிட்டு, பெரிய சக்கரம் என்று மொத்தமாகச் சொன்னால் கேலி குறையுமே என்று நான் ஒரு தரம் அவரிடம் சொன்னேன்.

"அந்த ஒரு அங்குலம் என்ட சாமானில்லையே தங்கச்சி, விட்டுக் குடுக்க," என்றார்.

என் கணவர் மஞ்சள் காமாலையில் போனபோது மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. சவப்பெட்டிக்குப் பலகை எடுக்க நானாதான் வந்தார். வாசலில் நின்று, உள்ளே வந்து அளக்கட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அளந்துவிட்டு ஐந்தடி ஆறரை என்றார். அழுதுகொண்டிருந்த எனக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது.

"அவரு அஞ்சு ஏழுன்னுதான் சொல்லுவாரு நானா."

நானா என்னைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டினார். "அப்ப பெட்டிய அஞ்சு ஏழுக்கே கணக்கு வெச்சு அடிக்கச் சொல்றேன் தங்கச்சி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, போகிற வழியில், எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்து, தச்சனிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "ஆள் அஞ்சு ஆறரை. அந்த அரை அங்குலம் அவருக்குச் சும்மா இருக்கட்டும்."

கணவர் போவதற்கு ஒரு வருஷம் முன்புதான் வீட்டுக்குப் பின்னால் குசினி கட்ட அத்திவாரம் போட்டிருந்தார். அதுவரைக்கும் சமையல் எல்லாம் தகரம் சாய்த்த ஒரு மூலையில். எங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் டிரைவரண்ணன் வீட்டுப் பக்கத்து எல்லை ஒரு பலா மரம். அந்த மரத்தை விற்று வெட்டுகிற நாளில், வெட்டின பிறகு எல்லை தெரியாமல் போகுமே என்று என் கணவர் நானாவை அளக்கச் சொன்னார். ஒரு நுனியைக் கணவர் பிடிக்க, மரத்தடியிலிருந்து எங்கள் பின்சுவர் வரை பதினெட்டடி ஐந்து அங்குலம். டிரைவரண்ணன் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தார். அந்த அளவுக்குள்தான் அத்திவாரம் வந்தது.

பிறகு கணவரும் இல்லை, மரமும் இல்லை. அடிமரத்தையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்தாகிவிட்டது. டிரைவரண்ணன் ஓய்வு பெற்று வந்து உக்கிப்போன பழைய வேலியைப் பிடுங்கிப் புதுக் கம்பி அடித்தார். நினைவில் இருந்த இடத்தில் அடித்தார். அது எங்கள் அத்திவாரத்தின் குறுக்கே போனது.

அவரை ஒரு கெட்டவராக இங்கே எழுதினால் அது பொய். அவர் நிஜமாகவே அதுதான் எல்லை என்று நம்பினார். நான் போய் நானா அளந்த கதையைச் சொன்னேன்.

"யாரு, எட்டடியா?" என்று சிரித்தார். "அவரோட டேப் இழுத்தா நீளுற ரப்பர் டேப் பிள்ளை. வேற சாட்சி இருந்தா கூட்டிட்டு வாங்க."

வேறு சாட்சி எங்கே இருக்கிறது? நான் மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டேன். கோர்ட்டுக்குப் போகாமல் ஊர் வழக்கைப் பேசித் தீர்த்து வைக்கிற சபை, சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் கூடும். அங்கே ஒரு விஷயம், தீர்ப்பு என்று யாரும் யார் தலையிலும் கட்ட மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. டிரைவரண்ணன் ஒத்துக்கொள்ளாவிட்டால் என் கணவர் தன் கையால் போட்ட அத்திவாரத்தை நானே உடைக்க வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை காலை நானும் நானாவும் நடந்து போனோம். ரயில் கடவையில் கேட் போட்டிருந்தது. அங்கே நின்றபோதுதான், முதல் நாளிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நானா, அங்க கட்டாயம் அந்தச் சக்கரத்தப் பத்திக் கேப்பாங்க. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் அளந்தேனே தங்கச்சி."

"இருக்கட்டும் நானா. இங்கிலாந்துல இருக்கிற சக்கரத்துக்கு நீங்க என்ன சொன்னாலும் ஒன்னும் ஆகப் போறதில்ல. எனக்குக் குசினி இல்லாமப் போயிரும்."

ரயில் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. நானா பெட்டிகளைப் பார்க்கவில்லை, கீழே ஓடுகிற சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட் திறந்ததும் எனக்கு முன்னால் நடந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிழட்டுப் பெருமைக்காக என் பிள்ளைகளின் சோற்றில் மண் போடப் போகிறாரே என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று ஒரு கணமும் எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பறையில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். தலைவர் ஓய்வு பெற்ற சிங்களப் பள்ளி அதிபர், நன்றாகத் தமிழ் பேசுவார். நானா பலா மரத்து அளவைச் சொன்னார். புது வேலி மூன்றடி இரண்டு அங்குலம் உள்ளே வந்திருக்கிறது என்றும் சொன்னார். தலைவர் டிரைவரண்ணனைப் பார்த்தார்.

"ஐயா, நான் யாரையும் பொய்காரன்னு சொல்ல வரல," என்றார் டிரைவரண்ணன். "இவரு ரயில் இன்ஜினுக்கு எட்டடிச் சக்கரத்தத் தன்னோட கையால அளந்தேன்னு ஊரெல்லாம் சொல்றாரு. நான் முப்பது வருசம் இன்ஜின் ஓட்டினவன். அந்த டேப் சொல்றத நான் எப்படி நம்புறது?"

பின்னால் வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"சரி நானா, அந்தச் சக்கரத்த உண்மையாவே அளந்தீங்களா? இல்ல, கடையில சும்மா சொன்னதா?"

நானா சட்டைப் பையில் இருந்த டேப்பின் மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அளக்கல்ல," என்றார். "சும்மா சொன்னது."

டிரைவரண்ணனின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து நானாவின் தோளைத் தட்டினார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? கடையில யாருதான் கதை விடல? மனுசன் ஒத்துக்கிட்டாரு, எனக்கு அது போதும். மரத்த அளக்குறதுல இவர யாரும் குறை சொன்னதில்ல, நானும் சொல்லல. வேலிய நகத்துறேன்."

பத்து நிமிஷத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. வருகிற வழியில் சந்தோஷத்தில் நான் நானாவுக்கு ஒரு பிளேன் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்தார்.

"குசினியக் கட்டி முடிங்க தங்கச்சி," என்றார். "அந்த ரெண்டு அங்குலத்தையும் சேத்துக் கட்டுங்க."

குசினி எழுந்தது. நானாவுக்கு அன்றைக்குப் பிறகு வந்ததை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். தேநீர்க் கடையில் அவரை யாரும் எட்டடி என்று கூப்பிடுவதில்லை. சும்மா நானா என்றார்கள். திரும்பிப் பார்ப்பார், ஆனால் திருத்தம் ஒன்றும் சொல்ல மாட்டார். மரக்காலையில் அவர் அளவு சொன்னால், "நெசமா நானா, இல்ல சும்மாவா?" என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. அதற்கு அவர் டேப்பின் ஒரு நுனியை அவர்கள் கையில் கொடுப்பார். "நீங்களே புடிச்சுப் பாருங்க." முன்பு அவர் யாருக்கும் அப்படிக் கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

பிறகு டவுனில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கேதான் மௌத்தானார். நான் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு, பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். கவலையாக இருந்தது, ஆனால் ஒரு நல்ல அயலவர் போன கவலை மட்டுந்தான்.

முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகிறது. டிரைவரண்ணன் இப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. மகள் வாங்கிக் கொடுத்த போனில் நாள் முழுவதும் உலகத்து ரயிலையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் ஒரு காலை நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது வேலியருகே வந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, இங்க கொஞ்சம் வந்து பாருங்க."

கம்பிக்கு மேலால் போனை நீட்டினார். பெரிய கூடம் ஒன்று. பச்சை இன்ஜின். நடுவில் பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய சக்கரம். அதற்குப் பக்கத்தில் நின்ற உயரமான வெள்ளைக்காரனின் தலைக்கும் மேலே சக்கரம் நின்றது. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை டிரைவரண்ணன் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எட்டடி. ஒரு அங்குலம்."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் முப்பது வருசம் ஏத்தத்துலதான் ஓட்டினேன் பிள்ளை," என்றார். "எனக்கு ஏத்தம் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு. ஆனா அளந்திருக்காரே மனுசன். பொறகு ஏன் அன்னைக்கு இல்லன்னு சொன்னாரு?"

"நான்தான் அண்ணே சொல்லச் சொன்னேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் இருந்த குசினியைப் பார்த்தார்.

நான் ஒரு பெருமைக்காரரிடம் பெருமையை விடச் சொன்னதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வாழ்நாள் முழுவதும் ஒரு அங்குலம் பொய் சொல்லாத மனுசனை ஊர் நடுவில் நிற்க வைத்துப் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவரும் சொன்னார். எனக்காகச் சொன்னார். அதற்குக் கூலியாக ஒரு பாதி பிளேன் டீ.

மறுநாள் டிரைவரண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய் எல்லாருக்கும் போனைக் காட்டினாராம். அங்கே இருந்தவர்களெல்லாம் இளசுகள். நல்ல இன்ஜின் என்றார்களாம். எட்டடி நானா என்று ஒருவரை ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பி வருகிற வழியில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் மகனிடம் டேப் இருக்கிறதா என்று கேட்டார். மகன் வேலைக்குப் போயிருந்தான். அவன் பெட்டியிலிருந்து நானே எடுத்து வந்தேன்.

குசினிக்குள் போனோம். அத்திவாரத்தின் மேல் எழுந்த சுவர், வேலிப் பக்கத்துச் சுவர். டிரைவரண்ணன் குனிந்து கீழ் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்தார். நான் ஸ்டூலைப் போட்டு மேல் நுனியோடு ஏறினேன். இந்த வயதில் முழங்கால் சொன்னதைக் கேட்பதில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தேன். எட்டடி வந்த இடத்தில் டேப்பைப் பிடித்து நின்றேன். மறு கையில் பென்சில்.

"எட்டடி வந்துருச்சா?" என்று கீழிருந்து கேட்டார்.

"வந்துருச்சு."

"அப்ப அங்க கோடு போட்டுட்டு எறங்குங்க பிள்ளை. விழுந்துறப் போறீங்க."

"கொஞ்சம் பொறுங்க அண்ணே," என்றேன். "இன்னும் ஒரு அங்குலம் இருக்கு."